கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சாண்

நம்பாதவர்கள் நேரில் வந்து பார்க்கலாம். நாமக்கல்லில் பஸ் ஏறி, கோழிப்பண்ணை வாசம் மூக்கைப் பிடிக்கிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, அந்த வாசம் பழகிப்போய் இல்லாதது போல ஆகிற இடத்தில் கண்ணைத் திறந்து இறங்கினால் அதுதான் எங்கள் வெள்ளைக்கரடு. பால் சொசைட்டிக்கு எதிர்ச்சந்தில் அருக்காணி வீட்டு வாசலில் நாற்பத்தெட்டு கோழிகள் மேய்ந்துகொண்டிருக்கும், அதில் ஒன்றைப் பிடித்து இறகைத் தடவிப் பார்க்கலாம், கொத்தினால் நான் பொறுப்பில்லை. அத்தனையும் வெள்ளைக் கோழியாகத்தான் இருக்கும். அது ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முந்தின ஒரு வருஷம் அவை என்ன நிறத்தில் திரிந்தன என்பதற்கு ஊரே சாட்சி, ஊர் சாட்சி சொல்லாவிட்டால் நான் சாட்சி, என் சாட்சிக்கு இந்த ஊரில் என்ன மதிப்பு என்பது போகப் போகத் தெரியும்.

என் பெயர் மாரப்பன். டைலர். ஐம்பது வருஷமாக இந்த ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கையும் ஆண்களுக்குச் சட்டையும் தைத்துப் போடுகிறவன். தைத்ததை வாங்க வருகிறவர்கள் விரித்துப் பார்ப்பார்கள், கை கொஞ்சம் குட்டையாக இருக்கும், அல்லது சட்டைக்குப் பை இருக்காது. ஏனுங்க இப்படி என்று கேட்டால், ஊசியை வாயில் வைத்துக்கொண்டு, "துணி பத்தலைங்க" என்பேன். எல்லா ஊர் டைலரும் சொல்கிற வார்த்தைதான். அந்தப் பத்தாத துணி ஒரு சாண் அகலத்தில் என் வீட்டுப் பரண்மேல் மூட்டைக்குள் இருக்கும். அதை வைத்து என்ன செய்தேன் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்திருக்கிறேன், மாட்டிக்கொள்வேன் என்பதால் அல்ல, பதில் இல்லை என்பதால். ஒரு சாண் துணியில் ஒன்றும் செய்ய முடியாது. கைக்குழந்தைக்குச் சட்டை வராது, தலையணைக்கு உறை வராது, கரித்துணிக்குப் போடலாம் என்றால் புதுத்துணியாக இருக்கிறதே என்று மனசு வராது. இருந்தும் கத்தரி ஓடுகிறபோது கை தானாக ஒரு சாண் ஒதுக்கிவிடும்.

அருக்காணிக்கு அப்போது வயசு நாற்பத்தைந்து. கரட்டடியில், பாறைக்குன்றுக்குக் கீழே, இருக்கிற பெரிய கோழிப்பண்ணையில் பதினோரு வருஷமாக முட்டை பொறுக்குகிற வேலை. கடைசி ஷெட்டில் கடைசி வரிசை அவளுடையது. அந்த ஐப்பசியில் ஷெட்டைக் காலி செய்தார்கள். ஒன்றரை வருஷம் முட்டை போட்டு ஓய்ந்த கோழிகளை லாரியில் ஏற்றிக் கறிக்கு அனுப்புவதுதான் வழக்கம். எல்லாம் ஏற்றி, கடைசியாகப் பன்னிரண்டு கூண்டு மிச்சம் இருந்தபோது லாரியில் இடம் முடிந்துபோயிற்று. டிரைவர் அடுத்த நடை வருகிறேன் என்று போனவன் வரவில்லை. அருக்காணி பண்ணைக்காரரிடம் போய், அந்தப் பன்னிரண்டு கூண்டையும் எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். இதில் சூப்புக்குக்கூட ஒன்றும் தேறாது என்று அவர் சிரித்தார், சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார்.

பெட்டி ஆட்டோவில் வந்து இறங்கியதைப் பார்த்து ஊர் அதிர்ந்துபோயிற்று. இத்தனை வருஷம் பண்ணை வாசத்தை மூச்சாக இழுத்து வாழ்ந்தவர்கள்தான் நாங்கள், ஆனால் உள்ளே இருக்கிற கோழியைப் பகல் வெளிச்சத்தில் பார்த்ததில்லை. கசாப்புக் கடையில் உரித்துத் தொங்கவிட்டது கயிற்றை அறுத்துக்கொண்டு எழுந்து வந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தன. கழுத்தில் இறகு இல்லை, மாரில் இல்லை, முதுகில் ஒன்றையொன்று கொத்திய காயம், கொண்டை வெளுத்து ஒரு பக்கம் சாய்ந்து கண்ணை மறைத்தது, நகம் வளர்ந்து சுருண்டிருந்தது. மண்ணில் இறக்கிவிட்டதும் ஒன்றுகூட நடக்கவில்லை. நாலு நாலாகச் சேர்ந்து, பன்னிரண்டு சதுரமாக, நடுவில் இல்லாத கம்பிகளுக்குள் நின்றன. அருக்காணி தானியத்தை ஒரு சாண் தள்ளிப் போட்டாலும் கழுத்தை நீட்டித் தின்றனவே தவிர, காலை எடுத்து வைக்கவில்லை. பால் கறந்து கொண்டுபோன பெண்கள் கேனை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள். ஆறாம் நாள் காலையில் ஒரு கோழி மட்டும் இல்லாத கம்பியைத் தாண்டி ஒரு காலை வைத்து, வைத்த காலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றது.

அதன்பிறகு இறகு முளைக்க வைக்கிற வேலை. கால்நடை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இறகு முளைக்கச் சத்து வேண்டும், வெறும் சோளம் போதாது என்றார். அருக்காணி கருவாட்டுத் தலையை இடித்துத் தூளாக்கினாள், கடலைப் புண்ணாக்கை ஊறவைத்தாள், முருங்கைக் கீரையை உருவிப் போட்டாள். பழைய மண்சட்டியில் சாணியும் நனைந்த ஓலையும் திணித்துக் கரட்டடியில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை சட்டி நிறையக் கரையான் இருக்கும், அதைக் கொண்டுவந்து தட்டினாள். காயத்துக்கு வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவினாள். புரண்டு குளிக்கச் சாம்பலும் மணலும் கலந்து குழி பறித்தாள். எல்லாம் செய்தும் ஐப்பசிச் சாரல் விடவில்லை. வெற்றுத் தோலோடு நாற்பத்தெட்டும் நடுங்கின, சாரல் நின்று வெயில் அடித்தால் தோல் வெந்து சிவந்தது. அப்போதுதான் என் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, அதுகளுக்கு ஒரு உடுப்பு மாதிரி தெச்சுக் குடுங்க. இறகு மொளைக்கற வரைக்கும் போதும்."

நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போய், நாற்பத்தெட்டு கோழிக்கும் மார்ச் சுற்றளவு எடுத்தேன். துணிக்கு எங்கே போவது? கோழிக்குத் துணி எடுத்துக் கொடு என்று யாரைக் கேட்பது? பரண்மேல் மூட்டை இருந்தது. ஒரு சாண் துணியில் கோழிக்கு மட்டும் ஒரு சட்டை சரியாக வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, ஐம்பது வருஷம் நான் யாருக்காக ஒதுக்கினேன் என்பது விளங்கியது போலக் கூட இருந்தது. ஆனால் பூப்போட்ட துணியைக் கோழி மாட்டிக்கொண்டு பால் சொசைட்டி வழியாகப் போனால், ஊரில் எந்தப் பெண்ணுக்குத் தன் ரவிக்கைத் துணி தெரியாது? அதனால் ஒரு தந்திரம் செய்தேன். மேலே வெறும் காடாத்துணி, பூவும் கட்டமும் கரையும் உள்பக்கம், தோலை ஒட்டி. கோழிக்கு லைனிங் வைத்துத் தைக்கிற டைலர் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தன்தான் என்று ஊர் மெச்சியது. நானும் மெச்சிக்கொண்டேன்.

நாற்பத்தேழு தைத்தாயிற்று. நாற்பத்தெட்டாவது, மொட்டச்சி. அருக்காணி அதற்கு வைத்த பெயர். மற்றதற்கு இறக்கையிலாவது நாலு இறகு இருக்கும், இதற்கு உடம்பில் எங்கேயும் ஒன்றுகூட இல்லை. தோல் வெங்காயச் சருகு போல, நூல்துணி உரசினாலே கிழிந்து ரத்தம் கசிந்தது. பட்டு ஒன்றைத்தான் அது தாங்கும். மூட்டையின் அடியில் பட்டும் ஒன்றுதான் இருந்தது, கத்தரிப்பூ நிறம், பொன் மாங்காய்ப் பொட்டு.

அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், அருக்காணிக்குப் பத்தொன்பது வயசில், மேற்காலத் தோட்டத்து நாச்சிமுத்துவுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் சேலையோடு ரவிக்கைத் துணியும் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள், முகூர்த்தத்துக்குப் பெண் அதைத்தான் போட வேண்டும். நாச்சிமுத்துவின் அம்மா பழனாத்தாள் கத்தரிப்பூ நிறத்தில் முழு மீட்டர் பட்டு வைத்தாள். அது என்னிடம் வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் ரவிக்கையைப் பிரித்தால் இரண்டு கையும் குட்டை, முழங்கையில் விழ வேண்டிய கரை அதற்கு நாலு விரக்கடை மேலேயே நின்றது. துணி கிள்ளிக் கொடுத்த வீட்டில் சோறு எப்படிப் போடுவார்கள் என்று அருக்காணியின் அப்பா கேட்டார். நான் முழுசாகக் கொடுத்தேன், உங்கள் பெண் யாருக்குக் கிழித்துக் கொடுத்தாளோ என்று பழனாத்தாள் கேட்டாள். வார்த்தை வளர்ந்து, கோயில் முன்னால் கூட்டம் கூடி, டைலரையே கேட்டுவிடலாம் என்று என்னைக் கூப்பிட்டார்கள். சாமியைப் பார்த்தபடி நின்று நான் இரண்டே வார்த்தை சொன்னேன். "துணி பத்தலைங்க." பழனாத்தாள் தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். கல்யாணம் நின்றது. ஒருத்திக்கு வாழ்க்கை போயிற்று, இன்னொருத்திக்கு வாக்குப் போயிற்று. மேற்காலத் தோட்டத்துக்காரி என்றால் இந்த ஊரில் இன்றைக்கும் கிள்ளிக் கொடுக்கிறவள் என்றுதான் அர்த்தம்.

அந்தப் பட்டைத்தான் மொட்டச்சிக்கு உள்பக்கமாக வைத்துத் தைத்தேன். கொக்கி வைத்தால் கொத்திப் பிய்த்துவிடுகிறதே என்று உடம்போடு சேர்த்து இறுக்கித் தைத்துவிட்டேன். ஐம்பது வருஷத்தில் நான் மனசறிந்து செய்த ஒரே ஒரு நல்ல காரியம் அது, அதுதான் என் கழுத்தைப் பிடித்தது.

கார்த்திகை பிறந்தபோது நாற்பத்தேழு கோழிக்கும் தோலில் முள் முள்ளாக இறகுக் குருத்து கிளம்பியது. இனி உடுப்பு வேண்டாம், குருத்துக்குள் ரத்தம் ஓடும், அழுந்தினால் உடையும் என்று டாக்டர் சொல்ல, எல்லாவற்றையும் கழற்றினோம். மொட்டச்சிக்கு மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை, அதற்கு உடுப்பு இருக்கட்டும் என்று விட்டோம். ஒரு வாரம் கழித்து, காலையில் பால் ஊற்ற வரிசையில் பெண்கள் நிற்கும்போது, ஒரு கோழி சந்திலிருந்து நடந்து வந்து சொசைட்டிப் படியில் ஏறி, உடம்பை உதறிற்று. குருத்தெல்லாம் விரிந்து இறகாகி நின்றது. கிளிப்பச்சையில் மஞ்சள் மொட்டு. மொட்டுக்கு நடுவில் சிவப்புப் புள்ளி. தறியில் விழுந்த ஒரு நூல் தவறுகூட முதுகில் இருந்தது.

கையில் கேனோடு முதலில் நின்ற சரசக்கா கேனை நழுவவிட்டாள். நாலு லிட்டர் பால் படியில் ஓடியது, யாரும் பாலைப் பார்க்கவில்லை. சரசக்கா குனிந்து, கோழியைத் தடவி, வரிசையைத் திரும்பிப் பார்த்து, மெதுவாகச் சொன்னாள்.

"இது எங்கண்ணன் எனக்கு வளைகாப்புக்கு எடுத்தது. பதினெட்டு வருசத்துக்கு முந்தி. துணி பத்தலைன்னு சொன்னாரு மாரப்பண்ணன்."

அதற்குள் மற்றவையெல்லாம் வந்துவிட்டன. ரோஜாப்பூக் கோழி, மயில்கண் கோழி, நீலக் கட்டம் போட்ட கோழி, பள்ளிக்கூடச் சீருடைக் கோழி, லுங்கிக் கோடு போட்ட ஒரு கோழி, காக்கி நிறத்தில் ஒன்று, அது வந்தால் மற்றவை ஒதுங்கி வழிவிட்டன. வெள்ளைக் கோழியின் உடம்பில் என் ஐம்பது வருஷமும் நடந்து வந்தது. வரிசை முழுக்கக் கண் பிதுங்கி நின்றது, ஒவ்வொருத்தியாகத் தன்னுடையதை அடையாளம் கண்டு, மாரில் கையை வைத்துக்கொண்டு, கடைசியில் எல்லோரும் சேர்ந்து எதிரே என் கடையைப் பார்த்தார்கள். நான் மிஷினுக்குக் கீழே நூல்கண்டு தேடிக்கொண்டிருந்தேன்.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கோழிக்குப் பூப்போட்ட இறகு முளைத்ததை மூன்றே நாளில் சாதாரணமாக்கிவிட்டார்கள். உடம்பில் எது ஒட்டியிருந்ததோ அதுதானே முளைக்கும், நாற்றுப் போட்டால் நெல் வராமல் புளியா வரும் என்று டீக்கடையில் பேசினார்கள். நான் துணி எடுத்ததை மட்டும் மூன்று மாசமாகியும் விடவில்லை. முதலில் அவரவர் கோழியை அவரவருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று அருக்காணி வாசலில் கூடினார்கள். துணி உங்களுது, கோழி என்னுது என்று அவள் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். சரி, பார்த்துவிட்டாவது போகிறோம் என்று வர ஆரம்பித்தார்கள். வெறுங்கையோடு வர முடியாமல் ஒரு பிடி கம்பு, ஒரு கருவாட்டுத் தலை, நறுக்கின கீரை என்று மடியில் கட்டிக்கொண்டு வந்து, வளைகாப்புக் கோழி, நிச்சயதார்த்தக் கோழி, திருப்பதி போனபோது போட்ட கோழி என்று அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தீனி போட்டார்கள். சரசக்காவின் அண்ணன் போய்ப் பத்து வருஷமாகிறது. அவள் அந்தப் பச்சைக் கோழியை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். சேதி கேட்டுக் கால்நடை டாக்டர் பெரிய நோட்டோடு வந்து, ஒவ்வொன்றாகப் பிடித்து எழுதிக்கொண்டே போனவர், சாம்பல் நிறத்தில் மெல்லிய கோடு போட்ட கோழியிடம் வந்ததும் நின்றார். தன் பேண்டைக் குனிந்து பார்த்தார். நோட்டை மூடினார். இதற்கு விஞ்ஞானத்தில் இடமில்லை, டைலரிடத்தில்தான் இடம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

எனக்கு ஒரு சாண் என்று பெயர் விழுந்தது. ஒரு சாண் எங்க போறீங்க, ஒரு சாண் சாப்பிட்டீங்களா என்று பேரன் வயசுக்காரர்கள்கூட மரியாதையாகவே கேட்டார்கள். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் இருந்தது ஒன்றே ஒன்று. காடா உடுப்போடு அருக்காணியின் மடியில் படுத்திருந்த மொட்டச்சி.

"அண்ணா, இதுக்கு உள்ள என்ன துணி வெச்சீங்க?"

வேட்டித்துணி என்றேன். அப்படியானால் வெள்ளையாகவே முளைக்கும், பாவம், பொறந்த நிறத்துலயே ஒண்ணாச்சும் இருக்கட்டும் என்றாள் அருக்காணி. நான் வீட்டுக்குப் போய், சாமி படத்துக்கு முன்னால் நின்று, ஒரு கோழிக்கு மட்டும் இறகே முளைக்காமல் செய் என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை எந்தச் சாமியும் கேட்டிருக்காது.

மார்கழி நடுவில் உடுப்பு உப்பத் தொடங்கியது. உள்ளே குருத்து விட்டுவிட்டது, தையலைப் பிரித்துவிடுங்கள் என்று அருக்காணி கேட்டாள். இன்னும் பத்து நாள் போகட்டும், பனி அதிகம் என்றேன். பத்து நாள் கழித்துக் கேட்டாள், கத்தரி சாணைக்குப் போயிருக்கிறது என்றேன். அதற்கப்புறம் மொட்டச்சி தீனி எடுக்கவில்லை. கரையானைக் கொண்டுபோய் மூக்கில் வைத்தாலும் கண்ணைத் திறக்கவில்லை, காடாத்துணியில் அங்கங்கே ரத்தப் பொட்டு தெரிந்தது. பிரித்தால் நான் செத்தேன், பிரிக்காவிட்டால் அது சாகும். அருக்காணி சமையல்கட்டுக் கத்தியைத் தேடிக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க மாட்டீங்கன்னா நானே அறுத்துடறேன், அண்ணா."

கத்தி பட்டுவிடும், என் மிஷின்கிட்ட வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்று சொல்லிக் கோழியை வாங்கிக்கொண்டு வந்தேன். வருகிற வழியில் கசாப்புக் கடையில் வெள்ளைக் கோழி ஒன்றை உயிரோடு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், அதே பண்ணைக் கோழி, அதே உயரம். இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இருபத்தாறு வருஷப் பொய்யை ஒரு கறிக்கோழியால் மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

கடைக் கதவைச் சாத்திவிட்டு, பட்டப்பகலில் விளக்கைப் போட்டு, ஒவ்வொரு தையலாக வெட்டினேன். உடுப்பு விலகியது. கத்தரிப்பூ நிறம். பட்டு மின்னுவது போல் மின்னியது, பொன் மாங்காய் ஒவ்வொன்றும் ஒரு இறகின் நுனியில் இருந்தது, சில இறகு இன்னும் உறைக்குள் மடிந்து கசங்கி, நான் இறுக்கின இடத்திலெல்லாம் ரத்தம் காய்ந்திருந்தது. கழுத்திலிருந்து வால் வரைக்கும் நடு முதுகில் நேராக ஒரு வெள்ளைக் கோடு. எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தரியைக் கீழே வைத்தேன். அது என் சாக்பீஸ் கோடு. வெட்டுவதற்கு முன்னால் நான் போட்ட கோடு. இருபத்தாறு வருஷம் பரணில் அழியாமல் இருந்து, உயிருள்ள தோலிலிருந்து முளைத்து வந்திருந்தது.

மொட்டச்சி எழுந்து நின்று, ஒரு தடவை உதறி, மிஷின் மேசையில் கிடந்த ரொட்டித்துண்டைக் கொத்தித் தின்றது.

நான் வெள்ளைக் கோழியைத்தான் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பாதி வழி வந்துவிட்டேன். பால் சொசைட்டியில் சாயங்காலப் பாலுக்குக் கூட்டம் நின்றது, என் கக்கத்தில் இருந்த கோழியைப் பார்த்து சரசக்கா, இதுக்காச்சும் துணி பத்துச்சுங்களாண்ணா என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. வாய் தன்பாட்டுக்குத் திறந்து, பத்தலைங்க என்று சொல்லப் போனது. அப்போது கோயில் முன்னால் பத்தொன்பது வயசுப் பெண் ஒருத்தி நான் சொன்னதை அப்படியே நம்பி, தன் ரவிக்கைக் கையைத் தானே இழுத்து இழுத்து நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது. கோழியை சரசக்காவின் கையில் கொடுத்தேன். வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

மொட்டச்சியை அருக்காணியின் வாசலில் இறக்கிவிட்டபோது அவள் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். பார்த்தாள். முறம் கையிலேயே இருந்தது, அதிலிருந்த கம்பு மட்டும் ஒரு பக்கமாகச் சரிந்து கொட்டிக்கொண்டே இருந்தது. பிறகு கையை நீட்டி, கோழியின் முதுகில் சாணாக வைத்து அளந்தாள்.

"ஒரு சாணுங்களா?"

"ஒரு சாண், நாலு விரக்கடை, அம்மிணி."

"எதுக்குங்கண்ணா?"

பெரிய காரணம் ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு நான் பட்ட ஏக்கம் எனக்குத்தான் தெரியும். பகையோ, ஆசையோ, வீட்டில் பட்டினியோ, எதையாவது சொல்லியிருப்பேன், நான் இட்டுக்கட்டுவதில் கெட்டிக்காரன்தான்.

"எதுக்குன்னு இல்லீங்க அம்மிணி. பழக்கம்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தக் கோழிக்கு நான் இறக்கை தைத்துப் பறக்கவிட்டிருந்தால்கூட அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டாள். மொட்டச்சியைத் தூக்கி என் கையில் கொடுத்து, முன்னால் நடந்தாள். மேற்காலத் தோட்டத்துக்குப் போகிற வழி. இருபத்தாறு வருஷமாக அவள் அந்த வழியில் கால் வைத்ததில்லை. பார்த்தவர்கள் பின்னாலேயே வந்தார்கள், போய்ச் சேரும்போது பாதி ஊர் வந்துவிட்டது.

பழனாத்தாளுக்கு எண்பது நெருங்கிக்கொண்டிருந்தது, கட்டிலிலேயே கிடை. கோழியைக் கொண்டுபோய் அவள் மாரின்மேல் வைத்தேன். வைத்துவிட்டுச் சொன்னேன், சொல்ல வேண்டிய அத்தனையையும், கூட்டம் கேட்கிற மாதிரி. அவள் நான் சொன்னது எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த எலும்புக் கை இரண்டும் எழுந்து இறகைத் தடவின, மாங்காய்ப் பொட்டை ஒவ்வொன்றாகத் தொட்டன.

"முழு மீட்டர் குடுத்தேன்," என்றாள். "நான் கிள்ளலை."

"தெரியுதுங்க அத்தை," என்றாள் அருக்காணி.

அத்தை என்ற அந்த வார்த்தைக்குக் கூட்டத்தில் நாலைந்து பேர் மூச்சை இழுத்தார்கள். நாச்சிமுத்து, இப்போது தலை வழுக்கை, கல்லூரி போகிற மகள் உண்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தவன் கோழியைப் பார்த்தான், அருக்காணியைப் பார்த்தான், நிறுத்தின மோட்டாரை நிறுத்துவதற்காக மறுபடி கிணற்றுக்குப் போய்விட்டான், இருட்டுகிறவரை திரும்பவில்லை. பழனாத்தாள் தை மாசம் போய்ச் சேர்ந்தாள். கிள்ளிக் கொடுக்காதவள் என்று சொல்லித்தான் ஊர் அவளைத் தூக்கியது.

மேற்காலத் தோட்டத்துக்குப் போய்வந்த மறுநாளே அருக்காணி என் கடைக்கு வந்து பெட்டியிலிருந்து எடுத்த ரவிக்கையை மேசையில் வைத்தாள். கத்தரிப்பூ நிறம், இரண்டு கையும் குட்டை.

"இதுக்குக் கையை முழுசாக்கிக் குடுங்கண்ணா."

எதை வைத்துத் தைப்பது என்று கேட்டேன். வாசலில் மேய்ந்துகொண்டிருந்த மொட்டச்சியைக் காட்டினாள். அது உதிர்க்கிறபோது எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றுகூடப் பிடுங்கக் கூடாது என்றாள். நான் ஒன்பது மாசம் காத்திருந்தேன். கரையான் சட்டி கவிழ்த்தேன், கருவாடு இடித்தேன், பருந்து வந்தால் ஓடினேன். இந்த வயசில் ஒரு கோழியின் உடம்பு நலத்துக்காக இவ்வளவு கும்பிட்டவன் வேறு யாரும் இருக்க முடியாது. மறு ஐப்பசியில் நாற்பத்தெட்டும் இறகு உதிர்த்தன. ஊர்ப் பெண்கள் கூடையோடு வந்து அவரவர் இறகைப் பொறுக்கிக்கொண்டு போனார்கள், சரசக்கா பச்சை இறகையெல்லாம் சேர்த்துத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டாள். உடுப்பில்லாத தோலில் புது இறகு வெள்ளையாகக் கிளம்பியது, அதனால்தான் இப்போது நீங்கள் வந்தால் வெள்ளைக் கோழியைத்தான் பார்ப்பீர்கள்.

மொட்டச்சி உதிர்த்ததை ஒவ்வொன்றாக எடுத்து, கழுவி, நிழலில் காயவைத்து, இறகோடு இறகைப் பட்டு நூலால் கோத்துத் தைத்தேன். வலது கை முழங்கை வரை வந்து கரை சரியாக விழுந்தது. இடது கைக்கு நாலு விரக்கடை குறைந்தது. கோழி உடம்பில் கத்தரிப்பூ இறகு ஒன்றும் மிச்சமில்லை. வாசல் முழுக்கத் தேடினேன், சாம்பல் குழியைச் சலித்தேன், காக்கைக் கூட்டைக்கூட விடவில்லை. கிடைக்கவில்லை. அருக்காணி வந்து நின்றாள். அந்த இரண்டு வார்த்தையும் தொண்டையில் வந்து நின்றன. ஐம்பது வருஷத்தில் முதல் தடவையாக உண்மையாக வந்து நின்றன, என்னால் சொல்ல முடியவில்லை. ரவிக்கையை மட்டும் நீட்டினேன்.

அவள் இடது கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அந்த மிஷின் டிராயரைத் தொறங்கண்ணா."

அதில் பாபினும் பொத்தானும்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே திறந்தேன். உள்ளே கழுவி, காயவைத்து, நூல் கட்டி, ஒழுங்காக அடுக்கி, சரியாக நாலு விரக்கடைக்கு, கத்தரிப்பூ நிறத்தில் பொன் பொட்டு வைத்த இறகுகள் இருந்தன. நான் எப்போது ஒதுக்கினேன் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. என் இரண்டு கையையும் மேசைமேல் வைத்து, வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அருக்காணி ஸ்டூலை இழுத்துப்போட்டு மிஷினுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"தைங்கண்ணா," என்றாள். "நான் பாத்துட்டே இருக்கறேன்."